வகையறா

என் பூர்வீகச் சொத்து எவ்வளவு என்பதை இந்த வாரம் பகிரங்கமாகச் சொல்லிவிடுகிறேன். 145 சதுர அடி. தேர்தலில் நிற்கும் உத்தேசமெல்லாம் இல்லை, பயப்படாதீர்கள்.

145 சதுர அடி என்றால் ஒரு சின்ன ரூம். அந்த ரூம் எங்கே இருந்தது என்று மட்டும் கேட்கக் கூடாது. அது வீடு முழுக்கச் சிதறிக் கிடந்தது. திண்ணையில் கொஞ்சம், பட்டாசலில் கொஞ்சம், அடுக்களையில் கொஞ்சம், கிணற்றுக்குள் கொஞ்சம். கூட்டுச் சொத்து என்றால் அப்படித்தான். பாகம் பிரிக்கிறவரைக்கும் ஒவ்வொரு செங்கல்லிலும் எல்லோருக்கும் பங்கு உண்டு. ஓடு ஒழுகினால் மட்டும் அது மற்றவர் பங்கு.

வீடு இருந்தது கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் ஒரு ஊரில். பாபநாசத்தில் மலை இறங்குகிற தாமிரபரணி கடலில் போய்ச் சேர்வதற்குள் எட்டு அணைக்கட்டுகள். அதில் ஒன்று கன்னடியன். யோசித்துப் பார்த்தால் ஆறும் ஒரு பிரிபடாத குடும்பச் சொத்துதான். மேலே இருக்கிறவர் குளித்து, குடித்து, நெல் விளைவித்து, மிச்சம் விட்டால் கீழே இருக்கிறவருக்கு. கடைசி அணையான ஸ்ரீவைகுண்டத்துக்காரர் யாராவது அகப்பட்டால் கேட்டுப் பாருங்கள், அரை நாள் பேசுவார். ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். எங்கள் பங்காளிகளில் மூன்று பேர் இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்கள்.

தாத்தா கொழும்பில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதிச் சம்பாதித்த காசில் 1938-ல் வாங்கிய வீடு. மனை 5 சென்ட். (பட்டணத்து வாசகர்களுக்கு: ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. சட்டையில் அடித்துக்கொள்கிற சென்ட் இல்லை. இரண்டும் சீக்கிரம் ஆவியாகிவிடும் என்பது வேறு விஷயம்.) 1961-ல் தாத்தா உயில் கியில் எதுவும் எழுதாமல் காலமானார். ஆச்சி 1979-ல் போனாள். அவளும் எழுதவில்லை. எழுதத் தெரியாது.

அதன் பிறகு பெரியப்பா வீட்டு வரி கட்டினார். வரி ரசீது பெரியப்பா பெயரில் வந்தது. நத்தம் பட்டாவில் பெரியப்பா பெயரைப் போட்டுப் பக்கத்தில் 'வகையறா' என்று ஒரு வார்த்தை. ஈ.பி. மட்டும் தாத்தா பெயரிலேயே இருந்தது. செத்து 62 வருஷம் ஆகியும் அந்த மனுஷர் இரண்டு மாசத்துக்கு ஒருமுறை கரன்ட் பில் கட்டிக்கொண்டிருந்தார்.

2023 ஜனவரியில் வீட்டுக்கு ஒரு கிராக்கி வந்தது. பக்கத்து மனையில் கல்யாண மண்டபம் கட்டுகிறவர், பார்க்கிங்குக்கு இடம் வேண்டும் என்றார். நல்ல விலை. குடும்பத்தில் பதினைந்து வருஷமாகப் பேசிக்கொள்ளாதவர்கள்கூட ஃபோன் பண்ணிப் பேசிக்கொண்டார்கள். என் தங்கை மகள் 'நம்ம வீடு' என்று ஒரு வாட்ஸப் குரூப் ஆரம்பித்துத் தந்தாள். காலையில் முருகன் படம், மத்தியானம் சதுர அடி விலை, ராத்திரி குட் நைட்.

பாளையங்கோட்டையில் என்னோடு படித்த வக்கீல் ஒருவர் இருக்கிறார். காகிதங்களைக் கொண்டுபோய்க் கொட்டினேன். ஒரு வெள்ளைத்தாளில் தாத்தாவை மேலே போட்டு, கீழே கோடு கோடாக இழுத்து, அரை மணி நேரத்தில் ஒரு ஆலமரம் வரைந்தார்.

"பன்னண்டு கையெழுத்து" என்றார்.

தாத்தாவுக்கு ஆண் மூன்று, பெண் இரண்டு. ஆக ஐந்து பங்கு. பெரியப்பாவும் பெரியம்மையும் இல்லை. அவர்கள் பிள்ளைகள் நான்கு பேர். அப்பா இல்லை, அம்மா, நான், மதுரையில் டீச்சராக இருக்கும் என் தங்கை, மூன்று பேர். சித்தப்பா இருக்கிறார், வயசு 78, குரல் மட்டும் 28. தென்காசியில் கட்டிக்கொடுத்த பெரிய அத்தையும் மாமாவும் இல்லை, பிள்ளைகள் மூன்று. அப்புறம் சின்ன அத்தை. கூட்டிப் பாருங்கள், பன்னிரண்டு வரும்.

பெரியப்பா பிள்ளைகளுக்கு ஆளுக்கு இருபதில் ஒன்று. அந்தக் காலத்துக் கணக்கில் இதற்கு 'மா' என்று அழகான பெயர். பதினாறில் ஒன்று மாகாணி. முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. இப்படியெல்லாம் பின்னத்துக்குப் பெயர் வைத்த நம் முன்னோர்களுக்குக் கட்டாயம் ஏகப்பட்ட பங்காளிகள் இருந்திருக்க வேண்டும். எனக்கு வந்த பதினைந்தில் ஒன்றுக்குப் பெயர் இல்லை. அதிலும் நான் அதிர்ஷ்டக்கட்டை.

பம்பாய் அண்ணாச்சி (பெரியப்பாவின் மூத்த மகன்) குரூப்பில் முதல் குண்டைப் போட்டார். தாத்தா சொத்து பேரன்களுக்குப் பிறப்புரிமை; ஆகவே ஆண் பேரன்களுக்குள் பிரிக்க வேண்டும் என்று. இதை எங்கள் பக்கம் டீக்கடைக்கு ஒருத்தர் சொல்லுவார். வக்கீல் சிரித்தார். தாத்தா சுயமாகச் சம்பாதித்து, 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பிறகு உயில் எழுதாமல் இறந்ததால், அது மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சமமாக இறங்கிவிட்டது. மகனுக்கு வந்தது மகனுடைய தனிச்சொத்து. பேரன் பிறந்த உடனே அதில் பங்கு கேட்க முடியாது. சுப்ரீம் கோர்ட் சந்தர் சென் என்கிற வழக்கில் 1986-லேயே தீர்த்துச் சொன்ன விஷயம். "உங்க அண்ணாச்சிக்கு நியூஸ் பேப்பர் லேட்டா வருது போல" என்றார் வக்கீல்.

சித்தப்பா அடுத்த குண்டு. ஃபோனிலேயே கத்தினார். "ஏலே, பொம்பளப் புள்ளைக்குப் பங்கு 89-ல கலைஞர் போட்ட சட்டத்துலதானலே வந்தது? அதுலயும் அதுக்கு முன்னால கல்யாணம் ஆனவளுக்குக் கெடையாது. என் தங்கச்சிக்கு 68-லயே கல்யாணம் ஆயிட்டு. அவளுக்கு எங்கனலே பங்கு?"

அரைகுறையாகத் தெரிந்துகொள்வதில் எங்கள் ஊரை அடித்துக்கொள்ள முடியாது. 1989 சட்டம் உண்மை. மார்ச் 25-ம் தேதியிலிருந்து அமல். அதற்கு முந்தின நாள் தாலி ஏறியிருந்தால் பங்கு கிடையாது; ஒரு முகூர்த்தம் தள்ளிப் போயிருந்தால் உண்டு. அந்த வாரம் எத்தனை மாப்பிள்ளை வீட்டார் தேதி தெரியாமல் அவசரப்பட்டார்களோ! பிறகு 2005 செப்டம்பர் 9-ல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் கல்யாணம் ஆனவள், ஆகாதவள் வித்தியாசத்தையே எடுத்துவிட்டது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா வேண்டாமா என்று கோர்ட்டுகள் பதினைந்து வருஷம் மாறி மாறிச் சொல்ல, 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில், வேண்டியதில்லை, மகளுக்கும் பிறப்பாலேயே உரிமை என்று சுப்ரீம் கோர்ட் முடித்து வைத்தது.

"ஆனா இது எல்லாமே பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்துக்கு. உங்க வீட்டுக்கு இந்த ராமாயணமே தேவையில்லை" என்றார் வக்கீல். "தாத்தா கொழும்புல சம்பாதிச்சது. 1956 சட்டமே போதும். 1961-ல அவர் கண்ணை மூடின நிமிஷம் ரெண்டு அத்தைக்கும் ஆண்பிள்ளைகளுக்குச் சமமாப் பங்கு வந்தாச்சு. சின்ன அத்தை பங்கு அஞ்சில ஒண்ணு. சரியா ஒரு சென்ட். உங்க சித்தப்பாவுக்கு எவ்வளவோ அவ்வளவு."

இதை அப்படியே குரூப்பில் டைப் அடித்துப் போட்டேன். அன்றைக்கு ராத்திரி யாரும் குட் நைட் சொல்லவில்லை.

சின்ன அத்தையைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டும். அந்த குரூப்பில் பதினொரு பேர்தான். பன்னிரண்டாவது ஆளான அத்தையிடம் இருந்தது பட்டன் ஃபோன்.

1968-ல் இருபது வயசில் கல்யாணம். 1974-ல் இருபத்தாறு வயசில், குழந்தை இல்லாமல், ஒரு டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்தாள். கிணற்றை ஒட்டிய சாமான் உள் அவள் ரூம் ஆயிற்று. எனக்குத் தெரிந்த அத்தை எப்போதும் எதையாவது பெருக்கிக்கொண்டிருப்பாள், அல்லது எதையாவது அரைத்துக்கொண்டிருப்பாள். கோடை லீவுக்கு நாங்கள் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் போய் இறங்குவோம். எல்லோருக்கும் தலைக்கு எண்ணெய், சொதி, கூட்டாஞ்சோறு, ராத்திரி திண்ணையில் பாய் எல்லாம் அத்தை. பெரியம்மை நல்லவள்தான். ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் தவறாமல் ஒரு வாக்கியம் சொல்லுவாள்: "பாவம், நாங்கதான் வச்சுப் பாக்கோம்."

நாங்களும் அப்படித்தான் நம்பினோம். அத்தையும் அப்படித்தான் நம்பினாள். ஒரு சேலை எடுத்துக்கொடுத்தால் பெரியம்மை காலைத் தொட்டுக் கும்பிடுவாள்.

வக்கீல் அன்றைக்கு எனக்குச் சொன்ன இன்னொரு விஷயத்தை நான் குரூப்பில் போடவில்லை. 1956 சட்டத்தில் 23-வது பிரிவு என்று ஒன்று இருந்ததாம். மகளுக்குப் பங்கு உண்டு. ஆனால் குடும்பம் குடியிருக்கும் வீடாக இருந்தால், ஆண் வாரிசுகளாகப் பார்த்துப் பிரிக்கிறவரை அவள் பாகம் கேட்க முடியாது. ஒரு கையால் கொடுத்து இன்னொரு கையால் பிடித்துக்கொள்வது. 2005-ல்தான் அதை நீக்கினார்கள். ஆனால் அதே பிரிவில் ஒரு வரி: கல்யாணம் ஆகாதவள், புருஷனைப் பிரிந்தவள், கைவிடப்பட்டவள், விதவை இவர்களுக்கு அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை உண்டு.

1974-ல் அத்தை டிரங்குப் பெட்டியோடு வந்து நின்றாளே, அது பெரியப்பாவின் தயவு இல்லை. பார்லிமென்ட் அவளுக்குக் கொடுத்திருந்த உரிமை. முப்பது வருஷம் காலைத் தொட்டுக் கும்பிட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

குரூப்பில் மறுநாள் பேச்சு வேறு திசையில் போயிற்று. வீட்டை விற்றால் அத்தையை யார் வைத்துக்கொள்வது? திருப்பூர்த் தம்பி ஒரு முறை போட்டான்: ஆளுக்கு ஒரு மாசம். கார் சாகுபடி ஒரு பங்காளி, பிசானம் ஒரு பங்காளி என்று வயலுக்கு முறை வைப்பார்களே, அந்த மாதிரி. சுரண்டை அக்கா தன் மாசம் பரீட்சை மாசமாக இருக்கக் கூடாது என்றாள். ஒருவர் முதியோர் இல்லம் என்று ஆரம்பித்து, "ச்சே, அப்படிச் சொல்லவில்லை" என்று அவரே அழித்தார். தென்காசி மச்சான் சட்டம் படித்துவிட்டு வந்தார்: பிள்ளை இல்லாத அத்தை உயில் எழுதாமல் போனால், அப்பா வழியாக வந்த சொத்து அப்பாவின் வாரிசுகளுக்கே திரும்பும், அதாவது நமக்கே. "கொஞ்சம் பொறுத்தால் தானாக வரும்" என்று எழுதி, கூடவே கைகூப்புகிற பொம்மை. வக்கீலிடம் காட்டினேன். "அவங்க உயிலே எழுதிவச்சா? தெருவுல போற யாருக்கு வேணா எழுதலாமே, முழு உரிமை" என்றார். அதையும் குரூப்பில் போட்டேன். மச்சான் குரூப்பை விட்டு வெளியேறி, பத்து நிமிஷத்தில் திரும்ப வந்தார்.

என் தங்கை மட்டும் ஒவ்வொரு சண்டைக்கும் ஒரே பதில் போட்டாள்: "அண்ணன் சொன்னா சரி."

கடைசியில் ஏகமனதாக ஒரு முடிவு. அத்தையிடம் ஒரு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுவது. அவள் பேரில் பாங்கில் ஏதோ ஒரு தொகை போட்டுவிடுவது. சித்தப்பா பத்திர எழுத்தரிடம் வாசகமே தயார் பண்ணி அனுப்பிவிட்டார்: 'அன்பினாலும் பாசத்தினாலும் என் பங்கை விட்டுக்கொடுத்து...' அத்தையிடம் போய்ப் பேச ஒரு ஆள் வேண்டும். சின்ன வயசில் அவள் கையால் அதிகம் சாப்பிட்டவன் என்று என்னைத் தேர்ந்தெடுத்தார்கள்.

நெல்லை எக்ஸ்பிரஸில் தூக்கம் வரவில்லை. மேல் பெர்த்தில் கிடந்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் ஊரிலிருந்து தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் நாஞ்சில் நாடு. அங்கே ஒரு காலத்தில் வேளாளர் குடும்பங்களில் சொத்து மகனுக்கே கிடையாது, சகோதரி மகனுக்கு. அந்த மருமக்கள் வழியின் கூத்தைக் கிண்டலடித்துக் கவிமணி ஒரு மான்மியமே பாடினார். 1926-ல் திருவிதாங்கூரில் சட்டம் வந்து அது மாறிற்று. தாமிரபரணியோடு கிழக்கே கடல்வரை போனால் காயல்பட்டினம். அங்கே முஸ்லிம் குடும்பங்களில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெட்டி தூக்கிக்கொண்டு வருவார். எண்பது மைல் சுற்றளவுக்குள் மூன்று விதமான நியாயம். மூன்றையும் 'ஆதிகாலத்திலிருந்து இதுதான் வழக்கம்' என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

மேரி ராயும் ஞாபகத்துக்கு வந்தார். கல்யாணம் முறிந்து, இரண்டு குழந்தைகளோடு, ஊட்டியில் இருந்த அப்பாவின் வீட்டில் வந்து தங்கியவர். சொந்தக் குடும்பமே காலி பண்ணச் சொன்னது. திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. கவனியுங்கள், எது குறைவோ அது! சுப்ரீம் கோர்ட் வரை போய் 1986-ல் ஜெயித்தார். எங்கள் அத்தை ஐந்தாம் கிளாஸ். கோர்ட்டைப் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பாள்.

திருநெல்வேலி ஜங்ஷனில் காலையில் இறங்கினேன். வெறுங்கையோடு போக முடியுமா? இருட்டுக்கடை சாயங்காலம்தான் திறக்கும். ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு கடையில் அரைக் கிலோ அல்வா வாங்கிக்கொண்டு பாபநாசம் பஸ் ஏறினேன். பேட்டை தாண்டும்போதுதான் உறைத்தது. ஒரு பெண்பிள்ளையை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கப் போகிறவன், கையில் அல்வாவோடு போகிறேன். சினிமாவில் வைத்தால்கூட ரொம்ப ஓவர் என்பார்கள்.

அத்தை புறவாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வா மருமவனே. என்ன, சொல்லாமக் கொள்ளாம?" பொட்டலத்தைப் பார்த்தாள். "அல்வாவா? எனக்கு சுகர்னு ஒனக்குத் தெரியாதா? சரி, அல்வா வந்தா காரியம் இருக்கும். சொல்லு."

ரயிலில் ஒத்திகை பார்த்த வசனம் எதுவும் வரவில்லை. "அத்தை, இந்த வீட்ல உங்களுக்கு அஞ்சில ஒரு பங்கு இருக்காம்."

"யாரு குடுத்தா?"

"யாரும் குடுக்கலை. தாத்தா செத்த அன்னைக்கே வந்துட்டு. 1961-ல."

அத்தை கொஞ்ச நேரம் கீரையைப் பார்த்தாள். "எனக்கு அப்பம் பதிமூணு வயசு. அன்னைக்கு எனக்கு ஒருத்தரும் ஒரு வாய் காப்பி கூடக் குடுக்கல. பங்கு குடுத்தாகளாமா?"

"..."

"அறுபது வருசமாச் சொல்லாதத இப்பம் என்னத்துக்குச் சொல்லுதே?"

"கையெழுத்து வேணும் அத்தை."

"அதான பாத்தேன்."

பட்டா ஜெராக்ஸை எடுத்துக் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தாள். "இதுல நான் எங்கன இருக்கேன்?"

பெரியப்பா பெயருக்குப் பக்கத்தில் விரலை வைத்தேன். "இங்க. வகையறா."

அந்த வார்த்தையை அத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து, நடந்து, அடுக்களையைப் பார்த்தாள், பட்டாசலைப் பார்த்தாள், தார்சா வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பம், நான் இத்தன வருசமாப் பெருக்குனது என் வீட்டையா?"

என்ன சொல்வது என்று தெரியவில்லை. நான் ஒரு துண்டு அல்வாவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

"ஒன் பெரியம்மை இல்லாமப் போயிட்டாளே" என்றாள். "மயினி இருந்தா அவகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருப்பேன்." கோபமா, வருத்தமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. அடுத்த நிமிஷம் வேறு குரல். "ஒரு சென்ட்டுன்னா எம்புட்டுலே? எது என்னது?"

பிரிக்கிறவரை இதுதான் என்று காட்ட முடியாது என்று விளக்கினேன். வக்கீல் சொன்ன செங்கல் கதை. அத்தைக்கு அது பிடிக்கவில்லை. "அதெல்லாம் வேண்டாம். அடுக்களை, கெணறு, என் ரூமு, இந்த முருங்கை. இது போதும். தார்சாவும் பட்டாசலும் எனக்கு என்னத்துக்கு? அங்கன நான் உக்காந்ததே இல்ல."

விடுதலைப் பத்திரம் பைக்குள்ளேயே இருந்தது. வெளியே எடுக்கவில்லை. இதில் என் வீரம் ஒன்றுமில்லை; எடுத்திருந்தால் அத்தை போட்டிருப்பாள். அந்த பயம்தான்.

அதற்கப்புறம் எட்டு மாசம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சித்தப்பா என்னோடு பேச்சை நிறுத்தினார். பம்பாய் அண்ணாச்சி என்னைத் 'துரோகி' என்று எழுதி, பிறகு ஆட்டோகரெக்ட் என்றார். மண்டபக்காரர்தான் காரியத்தை முடித்தார். அவருக்கு வேண்டியது ரோட்டை ஒட்டிய முன்பக்கம். பின்னால் ஒரு சென்ட் போனால் போகட்டும், விலையில் குறைத்துக்கொள்கிறேன் என்றார். புறவாசலை ஒட்டி ஒரு சந்து இருந்ததால் அத்தைக்கு வழிப் பிரச்னையும் இல்லை. முதலில் பாகப்பிரிவினைப் பத்திரம், அப்புறம் கிரயம் என்று முடிவாயிற்று. குடும்பத்துக்குள் எழுதும் பாகப்பிரிவினைக்கு முத்திரைத் தீர்வையில் உச்சவரம்பு உண்டு. நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்த 2023 ஜூலையில் அது 25,000-லிருந்து 40,000 ஆயிற்று. எங்கள் சொத்துக்கு உச்சவரம்பைத் தொடும் யோக்கியதை கிடையாது என்பதால் நஷ்டமில்லை.

அக்டோபரில் பதிவு. பம்பாய் அண்ணாச்சி பவர் கொடுத்து அனுப்பிவிட்டார். மற்றவர்கள் வேன் வைத்துக் கல்யாணத்துக்கு வருகிற மாதிரி வந்து இறங்கினார்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, ஃபோட்டோ பிடித்து, ரேகை வைத்து, கையெழுத்து. அத்தை முறை வந்தது. பேனாவைப் பிடித்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். பின்னால் வரிசை நின்றது. சித்தப்பா வாட்சைப் பார்த்தார். அத்தை மேலே ஒரு புள்ளி விட்டுப்போனதைக் கண்டுபிடித்து அதையும் வைத்தாள்.

வெளியே வேப்பமரத்தடியில் பெஞ்சு. எல்லோருக்கும் டீ. அத்தை குஷியாகத்தான் இருந்தாள். "மருமவனே, இனி பட்டாவுல என் பேரைப் போட்டு, ஒங்க எல்லாரையும் வகையறான்னு போடச் சொல்லு" என்றாள். சித்தப்பாவே சிரித்துவிட்டார்.

அப்போது உள்ளேயிருந்து இன்னொரு தாளோடு குமாஸ்தா வந்தார். என் தங்கை ஒரு பக்கத்தில் கையெழுத்துப் போட விட்டுப்போயிற்றாம். தங்கை டீ கிளாஸை ஒரு கையில் வைத்துக்கொண்டே, அவர் விரல் வைத்த இடத்தில் சர்ரென்று கிறுக்கித் திருப்பிக் கொடுத்தாள்.

"என்ன மருமவளே, வாசிச்சுப் பாக்க மாட்டியா?" என்றாள் அத்தை.

"அண்ணன் வாசிச்சிருப்பான் அத்தை."

அத்தை என் பக்கம் திரும்பினாள். "ஒங்கப்பன் பாளையங்கோட்டையில ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தானே. அது யாரு பேர்ல இருக்கு?"

"என் பேர்லதான் அத்தை."

"இவ பங்கு?"

2009. அப்பா போன ஐந்தாம் மாசம். தங்கை பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். அதே வாசகம்: அன்பினாலும் பாசத்தினாலும். அன்றைக்கு மத்தியானம் ஓட்டலில் அவளுக்குச் சாப்பாடு வாங்கிக்கொடுத்தேன். ஒரு பட்டுச்சேலையும். "அண்ணன் நான் இருக்கேம்மா" என்று சொன்னதாகவும் ஞாபகம். அந்த மனை இன்றைக்கு என்ன விலை போகும் என்று உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. மூன்று பங்காளிகள் படிக்கிறார்கள் என்றேனே.

"அவளே விட்டுக்குடுத்துட்டா அத்தை."

"அவளாக் குடுத்தாளா, நீ கேட்டுக் குடுத்தாளா?"

நான் காலி டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். "சரி விடு. ஜங்ஷன்ல எறங்கி அவளுக்கு அரைக் கிலோ அல்வா வாங்கிக் குடு..." ஒரு நொடி நிறுத்தினாள். "வேண்டாம். அதுதான் அப்பமே குடுத்துட்டியே."

வேன் அத்தையையும் சித்தப்பாவையும் ஏற்றிக்கொண்டு போயிற்று. நானும் தங்கையும் பஸ் ஸ்டாப்பில் நின்றோம். உயிரோடு இருக்கும் அண்ணன் தங்கைக்கு செட்டில்மென்ட் எழுதி வைக்கலாம், அதற்குத் தடையே இல்லை என்று வக்கீல் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"ஏம்மா, பாளையங்கோட்டை மனை விஷயமா ஒன்கிட்ட ஒண்ணு பேசணும்."

தங்கை கைப்பையைத் திறந்து பேனாவை எடுத்தாள்.

"எங்கண்ணே கையெழுத்துப் போடணும்?"